மியூசியத்துக்குள் ஒலி நிறுவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக்குப் போய்வந்த நண்பர்கள் மியூசியப் படங்களைக் காட்டும்போது நடுவில் ஒரு படம் வரும். வெறும் அறை, வெள்ளைச் சுவர், நான்கைந்து கறுப்பு ஸ்பீக்கர்கள். "இங்கே ஒன்றுமே இல்லை, சத்தம் மட்டும்தான் வந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல்தான் ஆசை. சென்னையில் சின்னச் சின்னக் கண்காட்சிகளுக்கு ஸ்பீக்கர் கட்டிக் கொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். அங்கே வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. நின்றுகொண்டே சொன்னதைவிட இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

ஒலி நிறுவல் என்றால் என்ன? கச்சேரியிலிருந்து அது எப்படி வேறு?

கச்சேரிக்கு வர்ணம் உண்டு, மங்களம் உண்டு. ஆறரை மணிக்குப் போய் உட்கார்ந்தாக வேண்டும். ஒலி நிறுவலில் ஒலி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. நீங்கள் உள்ளே நடந்து போகிறீர்கள், போதும் என்று தோன்றும்போது வெளியே வருகிறீர்கள். எந்த மூலையில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் இஷ்டம்.

இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான மேக்ஸ் நியூஹாஸ் (1939–2009). தாளவாத்தியக் கலைஞராக மேடையில் நல்ல பெயர் எடுத்தவர். 1967ல் பஃபலோ நகரில் ஒரு சாலையோர மரங்களில் சின்னச் சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களைக் கட்டினார். அந்தச் சாலையில் காரில் போகிறவர் ரேடியோவைப் போட்டால் போதும், கார் நகர நகர ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து மாறிக்கொண்டே வரும். மெதுவாகப் போனவர் கேட்டது ஒன்று, வேகமாகப் போனவர் கேட்டது வேறு, எதிர்த்திசையில் வந்தவர் கேட்டது இன்னொன்று. இசையமைப்பாளர் ஒலிகளை நேர வரிசையில் வைப்பார். நியூஹாஸ் அவற்றைச் சாலையின் நீளத்தில் வைத்துவிட்டார். மீதியைக் கார் ஓட்டியவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

'இடம் சார்ந்த' என்று ஏன் சேர்த்துச் சொல்கிறார்கள்? வேறு ஊருக்கு எடுத்துப் போனால் கெட்டுவிடுமா?

ஓவியத்தைக் கழற்றி லாரியில் ஏற்றலாம். ஒலி அப்படியில்லை, சுவரும் கூரையும் தரையும் சேர்ந்துதான் அதை உருவாக்குகின்றன. சில கலைஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் சத்தத்தையே தங்கள் வேலையின் பாதியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

லண்டனின் டேட் மாடர்ன் நல்ல உதாரணம். அது பழைய மின் உற்பத்தி நிலையம். 1981ல் மூடி, 2000ல் மியூசியமாகத் திறந்தார்கள். ஒரு காலத்தில் டர்பைன்கள் ஓடிய கூடம், 155 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமுமாக அப்படியே நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு துணைமின் நிலையம் மியூசியம் வந்த பிறகும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது, அதனால் கூடத்தில் ஒரு மெல்லிய 'ம்ம்ம்' எப்போதும் கேட்டது. நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் கேட்கிற அதே முனகல்தான். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு அதைப்போல இரு மடங்கு, 100 ஹெர்ட்ஸில் அதிரும். அது அங்கேயும் இங்கேயும் ஒன்றே.

2004ல் அந்தக் கூடத்தை அமெரிக்கக் கலைஞர் ப்ரூஸ் நாமனிடம் கொடுத்தார்கள். அதற்கு முன் வந்தவர்கள் பிரம்மாண்டமான பொருள்களால் நிரப்பிய இடத்தை அவர் காலியாகவே விட்டார். பக்கச் சுவர்களில் தட்டையான ஸ்பீக்கர்களை வரிசையாக மாட்டி, தன் பழைய படைப்புகளிலிருந்து எடுத்த 22 பேச்சுத் துண்டுகளை ஓடவிட்டார். 'தேங்க் யூ, தேங்க் யூ' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். நான்கு எட்டு வைத்தால் அது தேய்ந்து அடுத்த குரல் பிடித்துக்கொள்ளும். நடக்கிறவரின் காலடிதான் அங்கே தொகுப்பாளர்.

2006ல் பில் ஃபொண்டானா செய்தது வேறு மாதிரி. மியூசியத்துக்கு எதிரே தேம்ஸ் நதியின் மேல் மில்லேனியம் நடைபாலம் இருக்கிறது. அதன் எஃகுக் கம்பிகளில் அதிர்வை உணரும் கருவிகளைப் பொருத்தி, காற்றும் காலடியும் கம்பிகளில் எழுப்பிய ஒலியை நேரலையாக டர்பைன் கூடத்துக்குள் கொண்டுவந்தார். பாலத்தில் நடந்து வந்தவர்கள் உள்ளே நுழைந்ததும், தங்களுக்குப் பின்னால் வந்தவர்களின் நடையைக் கேட்டார்கள். இதைப் பாரிஸுக்குக் கொண்டுபோனால் என்ன மிஞ்சும்? வெறும் கம்பிச் சத்தம்.

எடுத்துப் போய்ப் பார்த்த ஒன்றும் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான சூசன் ஃபிலிப்ஸ், பழைய ஒப்பாரிப் பாடல் ஒன்றின் மூன்று வடிவங்களைத் தன் குரலிலேயே பாடி, கிளாஸ்கோவில் கிளைட் நதியின் மூன்று பாலங்களுக்கு அடியில் ஒலிக்க வைத்தார். பாட்டு, கடலில் மாண்டவன் காதலியிடம் ஆவியாகத் திரும்பி வருவதைப் பற்றியது. அதற்கு 2010ல் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது. ஒலியை மட்டுமே கொண்ட ஒரு படைப்பு அந்தப் பரிசை வென்றது அதுவே முதல் முறை. பரிசுக் கண்காட்சிக்காக அதே பாட்டை டேட் பிரிட்டனின் வெள்ளை அறையில் வைத்தார்கள். குரல் அதே குரல்தான், ஆனால் ஈரக் கல் இல்லை, மேலே ஓடும் ரயில் இல்லை, நதியும் இல்லை. என்னைக் கேட்டால், பரிசு பாலத்தடிக்குச் சேர வேண்டியது.

ஒரே ஒலி ஒவ்வொரு அறையிலும் வேறாகக் கேட்பது ஏன்?

இதற்கான முதல் கணக்கு பிறந்ததே ஒரு கலை மியூசியத்தில்தான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

1895ல் ஹார்வர்டில் ஃபாக் கலை மியூசியம் திறந்தார்கள். அதிலிருந்த விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசினால் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிவிடும், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். தெரு அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகு அவர் வேலையைத் தொடங்குவார். ஆர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் போக எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். வெறும் கூடத்தில் ஐந்தரை நொடிக்கு மேல் வந்தது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி அடுக்கி அளந்தார். விடிவதற்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். கூடம் முழுக்க மெத்தை பரப்பியதும் ஒரு நொடிச் சொச்சத்துக்கு இறங்கியது. ஒரு கட்டத்தில் தான் போட்டிருக்கும் உடை மாறினாலே அளவு மாறுவதைக் கண்டுபிடித்து, அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளை ஒதுக்கிவிட்டு ஒரே உடையில் முதலிலிருந்து தொடங்கினார்.

கடைசியில் கிடைத்த கணக்கு எளிமையானது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள பொருள்கள் ஒலியை உட்கவரும் மொத்தப் பரப்பால் வகுத்தால் (எல்லாம் மீட்டர் கணக்கில்) எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி நின்றபின் அதன் முழக்கம் அடங்க ஆகும் நேரம், வரும். பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம், 320 கன மீட்டர். பூசிய சுவர், கல் தரை, கண்ணாடி என்றால் உட்கவரும் பரப்பு 9 சதுர மீட்டர் தேறும். நேரம் கிட்டத்தட்ட 5.7 நொடி. இப்போது 40 பேர் உள்ளே வருகிறார்கள். ஆடையோடு சேர்த்து ஒருவர் சுமார் 0.45 சதுர மீட்டர் உட்கவர்வார் என்று வைத்தால் 18 சதுர மீட்டர் கூடுகிறது. நேரம் 1.9 நொடிக்கு விழுந்துவிடும். அறை அதே அறை, ஆனால் ஒலிக்கு அது வேறு வீடு.

இதை நான் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டில் கண்காட்சி. சிவப்பு ஆக்சைடு தரை, மெட்ராஸ் டெரஸ் கூரை, ஒரு நாற்காலிகூட இல்லாத கூடம். காலையில் நாங்கள் இருவர் மட்டும் நின்று ஒலியளவைச் சரிசெய்தோம். கிணற்றுக்குள் பேசுவதுபோல அவ்வளவு அழகாக இருந்தது. மாலையில் பட்டும் பருத்தியுமாக அறுபது பேர் வந்தார்கள். ஒலி காணாமலே போய்விட்டது. கலைஞர் முகம் வாடிப்போக, நான் பதறி வால்யூமை ஏற்றினேன். மறுநாள் காலை முதலில் வந்த பெண்மணி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அன்றிலிருந்து திறப்பு விழாவுக்கு ஒரு அளவு, சாதாரண நாளுக்கு ஒரு அளவு என்று இரண்டைக் குறித்து வைத்துவிடுகிறேன்.

நின்ற இடத்திலிருந்து இரண்டடி நகர்ந்தால் சத்தமே மாறுகிறதே, ஸ்பீக்கர் கோளாறா?

இல்லை, அதுதான் விருந்து. ஒரே சுருதியில் நீளமாக ஒலிக்கும் அலை சுவரில் மோதித் திரும்பி வரும் அலையோடு சேரும்போது, அறைக்குள் சில இடங்களில் இரண்டும் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். இயற்பியல் வகுப்பில் படித்த நிலை அலைகள்தான். காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத தூண்கள் நட்டு வைத்ததுபோல அவை அசையாமல் நிற்கும். நீங்கள்தான் அவற்றுக்கு இடையே நடக்கிறீர்கள்.

நியூயார்க்கில் சர்ச் தெரு 275ஆம் எண் வீட்டின் மாடியில் லா மான்டி யங்கும் மரியன் ஜஸீலாவும் 1993ல் அமைத்த ட்ரீம் ஹவுஸ் முழுக்க இந்த அடிப்படையில் நிற்கிறது. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த வெளிச்சம், மாறாமல் ஒலிக்கும் சுருதிகள். தலையை லேசாகத் திருப்பினாலே கேட்கும் ஸ்வரம் மாறும். அசையாமல் உட்கார்ந்தால் அதுவும் அசையாமல் நிற்கும்.

டிரிஸ்டன் பெரிச்சின் சுவர் இன்னொரு விதம். 1,500 சிறிய ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் மயிரிழை வித்தியாசத்தில் ஒரு சுருதி. தூரத்தில் நின்றால் மழை இரைச்சல். காதைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒற்றை ஸ்வரம். காதை ஒட்டியபடி சுவரோடு நடந்தால் நான்கு ஸ்தாயியையும் காலாலேயே ஏறிவிடலாம்.

முதல்முறை கேட்கிறவர்களுக்கு எந்த ஒன்றைப் பரிந்துரைப்பீர்கள்?

ஜேனட் கார்டிஃபின் 'நாற்பது குரல் மோட்டெட்' (2001). யோசிக்காமல் சொல்வேன்.

தாமஸ் டாலிஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 16ஆம் நூற்றாண்டில் நாற்பது தனித்தனிக் குரல்களுக்கு ஒரு தேவாலயப் பாடலை எழுதினார். ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழுக்கள். கார்டிஃப் சாலிஸ்பரி தேவாலயப் பாடகர்களைக் கொண்டு அதைப் பதிவுசெய்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு மைக் வைத்தார். பிறகு ஒவ்வொரு குரலையும் ஒரு தனி ஸ்பீக்கரில் போட்டு, நாற்பதையும் ஆள் உயரத்துக்குத் தாங்கிகளில் ஏற்றி நீள்வட்டமாக நிற்க வைத்தார்.

மேடைக்கு எதிரே உட்கார்ந்து பாடகர் குழுவைக் கேட்டால் எல்லாம் கலந்த ஒரே ஒலிதான் வரும். இங்கே நீங்கள் ஒரு பாடகரின் வாய்க்கு முன்னால் போய் நிற்கலாம். ஒரு சிறுவன் மூச்சை இழுப்பது கேட்கும், பக்கத்து ஸ்பீக்கரில் ஒரு கனத்த ஆண் குரல் தன் முறைக்காகக் காத்திருப்பதுகூடத் தெரியும். நடுவில் போட்டிருக்கும் பெஞ்சுக்குத் திரும்பி வந்தால், ஒரு பக்கம் தொடங்கிய குரல் அலையலையாக வட்டத்தைச் சுற்றி வந்து, நாற்பதும் சேரும் இடத்தில் நெஞ்சில் இடிக்கும். முழுச் சுற்று 14 நிமிடம், அதில் பாட்டு சுமார் 11 நிமிடம். மீதி மூன்று நிமிடத்தில் பாடகர்கள் இருமுகிறார்கள், தொண்டையைச் செருமுகிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள். பலர் பாட்டு முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள். போகாதீர்கள். கறுப்புப் பெட்டிகளாக நின்றவை மனிதர்களாவது அந்த மூன்று நிமிடத்தில்தான்.

இது ஊர் ஊராகப் போகும் படைப்பு, ஆனாலும் ஒவ்வோர் இடமும் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. ஒட்டாவாவில் உள்ள கனடா தேசியக் கலைக்கூடத்துக்குள் ஒரு முழுத் தேவாலயமே இருக்கிறது. 1880களில் கட்டிய ரிடோ தெரு கன்னிமாட ஆலயம். கன்னிமாடத்தை 1972ல் இடித்தபோது ஆலயத்தின் உட்புறத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காப்பாற்றி, பின்னாளில் மியூசியத்துக்குள் மறுபடி நிறுத்தினார்கள். மண்ணை இழந்த ஆலயத்துக்குள் உடலை இழந்த நாற்பது குரல்கள். 2013ல் நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் மியூசியத்தில், ஸ்பெயினிலிருந்து கல் கல்லாகக் கொண்டுவந்த 12ஆம் நூற்றாண்டு ஆலய வளைவுக்கு அடியில் வைத்தார்கள். இடைக்காலக் கலைக்கென்றே இருக்கும் அந்த மியூசியம் தற்காலப் படைப்பு ஒன்றைக் காட்டியது அதுதான் முதல் முறை.

பக்கத்து அறைப் படைப்புகளுக்கு இது இடைஞ்சல் ஆகாதா?

ஆகும். மியூசியக்காரர்களின் பெரிய தலைவலியே இதுதான். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். கடினச் சுவர்கள் உள்ள கூடத்தில் அப்படிக் குறையாது, சுவருக்குச் சுவர் தாவி மூன்றாவது அறைவரை போய்ச் சேரும். அதிலும் கட்டைச் சுருதிக்கு வாசல் திரை ஒரு பொருட்டே இல்லை. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டர் கிட்ட வரும். அதற்கு முன்னால் ஒரு விரல்கடை ஸ்பாஞ்ச் என்ன செய்யும்?

கனமான இரட்டைச் சுவர், நுழைவில் வளைந்து திரும்பும் சிறு நடை, கம்பளம் என்று செலவு செய்யலாம். இன்னொரு வழி, மீயொலி ஸ்பீக்கர்கள். காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் கற்றையில் ஒலியை ஏற்றி அனுப்பினால் போகிற வழியில் காற்றே அதைக் கேட்கும் ஒலியாக்கிவிடும். டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரே இடத்தில் விழும், ஒரு எட்டு விலகினால் இருக்காது. ஓவியத்துக்கு விளக்கம் சொல்ல அது அருமையான கருவி. ஆனால் கட்டைச் சுருதி அதில் வராது, அதனால் கலைஞர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை.

எனக்குப் பிடித்த வழி, யாரும் படம் மாட்டாத இடங்களைத் தேடுவது. நியூஹாஸ் 1979ல் சிகாகோவின் தற்காலக் கலை மியூசியத்தில் மாடிப்படியைக் கேட்டு வாங்கினார். லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மார்ட்டின் க்ரீட் லிஃப்டை எடுத்துக்கொண்டார். லிஃப்ட் மேலே ஏற ஏறப் பாடகர்களின் குரலும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

பதிவுசெய்த ஒலி இல்லாமல், இடமே ஒலிக்கும்படி செய்ய முடியுமா?

அதைச் செய்கிறவர்கள்தான் எனக்கு மிக நெருக்கமானவர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பழைய தொழிற்சாலை ஒன்றில் இருக்கும் மாஸ் மோகா மியூசியத்துக்குப் பக்கத்தில் ஒரு நெடுஞ்சாலை மேம்பாலம் போகிறது. ப்ரூஸ் ஓட்லண்டும் சாம் ஔவிங்கரும் 1998ல் அந்தப் பாலத்தில் 16 அடி நீளக் குழாய்களைப் பொருத்தினார்கள். மேலே லாரி போகும் இரைச்சலில் அந்த நீளத்துக்கு ஒத்த சுருதி மட்டும் குழாய்க்குள் ஒத்ததிர்ந்து பெருகும். குழாய்க்குள் இருக்கும் மைக் அதை எடுத்து, பாலத்தடியில் வைத்த ஸ்பீக்கர்கள் வழியே தம்பூரா மாதிரி ஓர் ஆழ்ந்த கார்வையாக வெளியே விடும். அதே வளாகத்தில் தொழிற்சாலை மூடியபிறகு ஊமையாக நின்ற மணிக்கூண்டை எடுத்துக்கொண்டார் கிறிஸ்டினா கூபிஷ். மணிகளைத் தட்டியும் தேய்த்தும் பதிவுசெய்த ஒலிகள் வெயிலின் அளவுக்கேற்ப மாறி ஒலிக்கின்றன. இது பதிவுதான், ஆனால் எப்போது எப்படி ஒலிப்பது என்பதைச் சூரியன் முடிவுசெய்கிறது.

பிரேசிலின் இன்யோச்சிம் மியூசியத் தோட்டத்தில் டக் எய்ட்கன் 2009ல் குன்றின்மேல் ஒரு வட்டக் கண்ணாடி மண்டபம் கட்டி, நடுவில் 200 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு மைக்குகளை இறக்கினார். பூமிக்குள் நடப்பது அப்படியே மேலே கேட்கிறது. பிரான்ஸின் செலஸ்ட் பூர்சியே-முஜெனோ 2010ல் லண்டன் பார்பிகன் கேலரிக்குள் ஃபின்ச் குருவிகளைப் பறக்கவிட்டார். அவை உட்காரக் கிளைகளுக்குப் பதில் எலெக்ட்ரிக் கித்தார்கள். குருவி வந்து அமர்ந்தால் ஒரு ஸ்வரம், அலகைத் தேய்த்தால் இன்னொன்று.

நம் பக்கம் இப்படி ஏதாவது உண்டா? கோயில் இசைத்தூண்கள் இதில் சேருமா?

கொச்சிக்குப் போங்கள். 2012ல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியனாலே என்ற தற்காலக் கலைவிழா, ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய சரக்குக் கிடங்குகளில் நடக்கிறது. மிளகும் ஏலமும் அடுக்கியிருந்த, ஓட்டுக்கூரை போட்ட, கடற்காற்று நேரே உள்ளே வரும் இடங்கள். 2018ல் அந்தப் பியனாலேயில் ஷில்பா குப்தாவின் படைப்பு இருந்தது. கூரையிலிருந்து நூறு மைக்குகள் தொங்கும். அவற்றை ஒலியை வாங்காமல் வெளியிடும்படி மாற்றியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கூரான கம்பி, அதில் குத்திய ஒரு தாள். எழுதியதற்காகச் சிறைப்பட்ட நூறு கவிஞர்களின் வரிகள் அவை. இருட்டில் ஒரு மைக் ஒரு வரியைச் சொல்லும், மற்றவை சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்லும். பேச்சைப் பிடிப்பதற்கென்று வைக்கும் மைக், பேச்சு பிடிபட்டவர்களுக்காகப் பேசுகிறது. அந்தப் படைப்பு ஓர் இடத்துக்கென்று மட்டும் செய்ததல்ல, அடுத்த வருடம் வெனிஸுக்கும் போனது.

நெல்லையப்பர் கோயில், மதுரை, சுசீந்திரம் இசைத்தூண்களைப் பற்றிச் சொன்னால், ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய மெல்லிய தூண்கள் தட்டத் தட்ட வேறு வேறு ஸ்வரம் தருவது பெரிய கைத்திறன். ஆனால் அதை இன்றைய ஒலி நிறுவலின் தாத்தா என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே ஒலி வழிபாட்டைச் சேர்ந்தது, அதன் பெருமை அதற்குத் தனியாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று. ஆயிரங்கால் மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்து வளர்ந்த ஊர் நம்முடையது. தவில் எந்த மண்டபத்தில் எப்படி 'பேசும்' என்று வித்வான்களுக்குத் தெரியும். கல் எப்படி ஒலிக்கும் என்ற அறிவு நமக்குப் புதிதல்ல.

உள்ளே எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

முதல் மூன்று நிமிடம் ஒன்றும் கேட்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் இரைச்சல் காதைவிட்டு இறங்க அவ்வளவு நேரம் ஆகும். பிறகு மெதுவாக நடங்கள், சுவரை ஒட்டி நில்லுங்கள், குந்தி உட்காருங்கள். குழந்தைகள் இதைச் சொல்லாமலே செய்வார்கள், தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் டியா பீக்கன் மியூசியத்தைச் சுற்றி நியூஹாஸ் 2005ல் செய்த ஒன்று பொறுமைக்கு நல்ல பயிற்சி. ஒவ்வொரு மணிக்கும் சில நிமிடம் முன்பாக ஓர் ஒலி, வருவதே தெரியாமல் மெல்ல ஏறி, மணி அடிக்க வேண்டிய நொடியில் சட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் ஏதோ இருந்தது என்று தெரியும். ராத்திரி ஃபேன் நின்றதும் முழிப்பு வருகிறதே, அப்படி.

காது கேளாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய. ஒலி அதிர்வுதானே. 2016 கொச்சி பியனாலேயில் கமீல் நார்மென்ட் கடலைப் பார்த்துப் போட்ட பெஞ்சுகளில் உட்கார்ந்தால் குரல்கள் மரத்தின் வழியே உடம்புக்குள் ஏறும். பிறவியிலேயே காது கேளாத கிறிஸ்டின் சன் கிம் இந்தத் துறையின் முக்கியமான கலைஞர்களில் ஒருவர். நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியமான மோமா 2013ல் ஒலிக் கலைக்கென்று நடத்திய முதல் பெரிய கண்காட்சியின் 16 கலைஞர்களில் அவரும் இருந்தார். ஒலியின் மேல் கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் பாத்தியதை என்ற எண்ணத்தை அவர் வேலை உடைக்கிறது.

மியூசியம் இதை எப்படி 'வாங்கி' வைக்கும்?

ஒலிக் கோப்பு, ஸ்பீக்கர்களின் வகை, இடைவெளி, உயரம், எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் என்ற குறிப்பு, இவ்வளவும் சேர்ந்ததுதான் வாங்கும் பொருள். ஸ்பீக்கர் பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும், அந்த மாடல் கடையில் இருக்காது. அப்போது கலைஞர் உயிரோடு இருந்தால் காதால் சரிபார்ப்பார், இல்லாவிட்டால் குறிப்புதான் கதி. இடம் போய்விட்டால் இன்னும் கஷ்டம்.

காப்பாற்றப்பட்ட கதையும் உண்டு. நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில், 45ஆம் 46ஆம் தெருக்களுக்கு நடுவே, நடைபாதையில் இருக்கும் சுரங்கக் காற்றுக் கிராதிக்கு அடியில் நியூஹாஸ் 1977ல் ஓர் ஒலியை வைத்தார். பெரிய மணியை அடித்தபின் மிஞ்சும் ரீங்காரம் மாதிரி இருக்கும். பெயர்ப்பலகை வேண்டாம் என்றார். 1992ல் நின்றுபோனது. 2002ல் டியா கலை அறக்கட்டளை அதை மறுபடி உயிர்ப்பித்துப் பராமரித்து வருகிறது. கிராதியின்மேல் நிற்கும் பெரும்பாலானோர் அதைச் சுரங்க ரயில் சத்தம் என்றே நினைக்கிறார்கள், நியூஹாஸ் விரும்பியதும் அதுதான்: யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரவர் கண்டுபிடிக்க வேண்டும்.

யூடியூபில் பார்த்தால் போதாதா?

போதாது. ஃபோன் மைக் ஓர் இடத்தில் நிற்கும் ஒரு காது. நீங்கள் நகர்ந்தால் அது நகராது.

நானே வீட்டில் ஏதாவது செய்து பார்க்கலாமா?

கண்டிப்பாக. முதலில் செலவில்லாத ஒன்று. ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, சாமான் குறைந்த அறையில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்து வையுங்கள். 200 ஹெர்ட்ஸ் வைத்துச் சத்தத்தைக் குறைவாக விடுங்கள். சுவரை ஒட்டிக் காதை வைத்தால் பலமாகக் கேட்கும். ஒன்றரை அடி போலப் பின்னால் வாருங்கள், ஒலி பள்ளத்தில் விழுந்ததுபோலத் தேயும். இன்னும் ஒன்றரை அடி போனால் மறுபடி எழும். அந்தப் பள்ளங்களைச் சாக்பீஸால் தரையில் குறித்துப் பாருங்கள். இடையிலேயே எங்கோ ஒரு 'கிர்ர்' வந்தால் அது ஜன்னல் கொக்கி. நான் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகிவிடுவேன், நின்றுவிடும். விடாமல் ஒரு 'ம்ம்' வந்தால் எர்த் கோளாறு. எல்லாக் கருவிகளையும் ஒரே ப்ளக் பாயிண்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

அடுத்தது, அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969ல் செய்த முறை. இரண்டு ஃபோன் போதும். அறையில் உட்கார்ந்து நாலு வரி பேசிப் பதிவுசெய்யுங்கள். அதை அதே அறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, இன்னொரு ஃபோனால் பதிவுசெய்யுங்கள். அந்தப் பதிவை மறுபடி ஓடவிட்டு மறுபடி பதிவு. ஒவ்வொரு சுற்றிலும் அறைக்குப் பிடித்த சுருதிகள் கொழுக்கும், மற்றவை உதிரும். ஐந்தாவது சுற்றில் சொற்களின் ஓரம் மழுங்கும். பத்தாவதில் 'ச'வும் 'ப'வும் இருக்காது. பதினைந்து தாண்டினால் உங்கள் பேச்சின் தாளத்தில் அறை மட்டும் பாடிக்கொண்டிருக்கும். படுக்கையறையில் மெத்தையும் துணியும் இருப்பதால் நேரம் எடுக்கும். டைல்ஸ் ஒட்டிய குளியலறையில் செய்தால் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் முதலில் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்து இறுக்கி மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பதிவில் அந்தச் சொட்டுதான் மணி மாதிரி நிற்கும்.